ஞானதாசன் கேட்ட சுருள்

ஷார்ஜாவில் ஒரு மின்பொருள் கிடங்கைக் காத்து, இளமை முழுவதையும் அதன் இரும்பு அடுக்குகளுக்கிடையே செலவிட்டுவிட்டு ஊர் திரும்பிய ஞானதாசன், வளைகுடா சென்று மீள்வோர் வழக்கமாகக் கொண்டுவருவனவற்றுள் எதையும் பெரிதாகக் கொண்டுவரவில்லை. கழுத்தில் சங்கிலி தடிக்கவில்லை. வயிறும் அளவிலேயே நின்றிருந்தது. அவர் கொண்டுவந்தவை இரண்டே. ஒன்று, பிறமொழி கலவாத தமிழ். மற்றொன்று, பெட்டியின் அடியில் தலைவலித் தைலக் குப்பிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்த, விரல் நீளமுள்ள ஒரு குழல். முன்னதைத் தோவாளையைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் அறிந்திருந்தன. பின்னதை மனைவி ஜெபமணியும் அறியாள்.

தமிழ் அவருக்கு அங்கேதான் வாய்த்தது. உடன் தங்கியவர்கள் அரபும் இந்தியும் மலையாளமும் கலந்த ஏதோ ஒன்றில் சீட்டாடிக்கொண்டிருக்க, அவர் மேல்கட்டிலில் படுத்து நிகண்டையும் பழைய ஞானப்பாடல்களையும் தாமே ஓதித் தாமே பொருள் கண்டார். கற்றதை வீணாக்க மனமின்றி ஊருக்கு வந்ததும் பேசத் தொடங்கினார். பேருந்தில் ஏறினால், "நாகர்கோவிலுக்கு ஒரு பயணச்சீட்டு வழங்குக" என்பார். "டிக்கெட்டா அண்ணாச்சி?" என்பார் நடத்துநர். "பயணச்சீட்டு" என்பார் இவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்க, வண்டி இரண்டு வளைவு கடந்திருக்கும்.

"அவருக்க தமிழு கேக்கக் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று ஜெபமணி ஆலயத்துப் பெண்கள் ஐக்கியத்தில் சொல்வதுண்டு. "மனசிலாகதுக்குத்தான் நேரம் எடுக்கும். சோறு வேணும்னு சொல்லி முடிக்கதுக்குள்ள சோறு ஆறிப்போவும்."

ஊரில் குழலின் வரலாறு, ஆலயத்தில் வாக்களித்த ஒரு பொருத்தனையில் தொடங்குகிறது. ஷார்ஜாவில் ஞானதாசன் வெண்சுருட்டும் எப்போதாவது இக்குழலும் பிடிப்பவர். ஜெபமணியின் தந்தையோ பீடியால் நெஞ்சு கரிந்து இறந்தவர். அந்த இருமல் அவள் செவியைவிட்டு இன்னும் நீங்கவில்லை. ஆகவே, கணவர் ஊர் வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபின் அவரை ஆலயத்தின் பீடத்துக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இனி புகை விடமாட்டேன்னு சொல்லுங்க."

ஞானதாசன் வலக்கையை உயர்த்தி, "இனி என் வாயினின்று புகை புறப்படாது" என்றார். சொன்ன சொல் தவறாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். வீட்டைவிடவும் தோட்டத்தைவிடவும் அந்தப் பெயரையே தம் ஆஸ்தியாக எண்ணியவர்.

ஆராய்ச்சி அதன் பிறகுதான் தொடங்கிற்று. புகை என்பது யாது? நெருப்பினின்று பிறந்து, சாம்பலை விட்டுச் செல்வது. இக்குழலிலோ நெருப்புமில்லை, சாம்பலுமில்லை. மின்கலம் சூடேற்ற, பஞ்சில் ஊறிய சாறு ஆவியாகிறது, அவ்வளவே. சாற்றில் புகையிலையின் நஞ்சு சிறிதளவு கலந்திருந்தது உண்மை. ஆயினும் பொருத்தனை நஞ்சைப் பற்றியதன்று, புகையைப் பற்றியது. இட்டிலிக் கொப்பரையிலிருந்து எழுவதைப் புகையென்று எவரேனும் சொல்வாரோ? ஆகவே வாக்கு ஒரு கீறலுமின்றி நின்றது. இந்த நுண்பொருளை ஜெபமணிக்கு விளக்கவேண்டும் என்று அவர் பலமுறை நினைத்ததுண்டு. இலக்கணத்தில் அவளுக்குப் போதிய பயிற்சி இல்லாமையால் தள்ளிவைத்தார்.

ஆனால் குழலுக்கு உயிர் அதன் தலையில் இருந்தது. நிலக்கடலைப் பருப்பினும் சற்றே பெரிய உலோகக் கூடு அது. உள்ளே மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி, சுருளின் நடுவே பஞ்சைச் செருகியிருப்பார்கள். சாறு பஞ்சில் ஏறும், கம்பி சுடும், ஆவி எழும். சில நாளில் பஞ்சு கருகி, கம்பியில் கரி படிந்து, இழுத்தால் தீய்ந்த துணியின் சுவை வரும். ஷார்ஜாவாக இருந்தால் அதைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதிதொன்றை வாங்கி மாட்டலாம். இந்நாட்டில் அவ்வகைப் பொருள்களை விற்கத் தடை. ஆகவே ஞானதாசன் செத்த தலைகளுக்குத் தம் கையாலேயே மறுபிறப்பளிக்கத் தொடங்கினார்.

கிணற்றடியில் ஊரார் மோட்டார் புரை என்றும் அவர் நீரேற்றி மனை என்றும் வழங்கிய சிறு கட்டடமே அதற்கு இடம். குறட்டால் கூட்டின் அடியிலுள்ள ஊசியை மெல்லப் பிடுங்குவார். ஊசியைப் பற்றியிருந்த ரப்பர் வளையத்தைக் கிழியாமல் கழற்றுவார். கருகிய சுருளும் பஞ்சும் ஒரு செத்த வண்டைப்போல் உள்ளங்கையில் விழும். கூட்டை வெந்நீரில் கழுவிக் காயவைத்தபின், கிடங்கிலிருந்து கொண்டுவந்த புதுக்கம்பியை மெல்லிய திருப்புளியின் தண்டில் நெருங்கச் சுற்றுவார். கம்பியின் ஒரு கால் ரப்பரின் நடுத்துளை வழியே இறங்கவேண்டும். மறுகால் ரப்பருக்கும் கூட்டுக்கும் இடையே ஒடுங்கவேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் மின்கலம் கொதித்துவிடும் என்பதால், மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மேற்கொண்டு செல்வார். அந்த மீட்டரை என்ன பெயரால் அழைப்பது என்பது மட்டும் அவரால் இன்றுவரை முடிவு செய்யப்படவில்லை.

பஞ்சு, ஜெபமணியின் மருந்துப் பெட்டியிலிருந்து வந்தது. இறுக்கிச் செருகினால் சாறு ஏறாது. தளரவிட்டால் சாறு வாய்க்குள் வரும். சாறு முற்றும் ஊறுமுன் பொத்தானை அழுத்தினாலோ புதுப்பஞ்சும் அக்கணமே கருகும். அதற்காக வேதாகமச் சங்கீதம் ஒன்றை மனத்துக்குள் முதலிலிருந்து கடைசிவரை சொல்லிக் காத்திருப்பார். குறுகிய சங்கீதங்கள் போதமாட்டா என்பதை அனுபவத்தால் கண்டிருந்தார். பக்தியில் அவர் வளர்ந்தது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பினால்தான்.

தைலக் குப்பிகளோடு குப்பியாய் வந்த சாற்றின் மணம் புதினா. ஆகையால் வீட்டுக்குள் நுழையுமுன் நெற்றியில் தைலத்தை ஒருமுறை தடவிக்கொள்வார். ஒரு மணத்துக்குள் மற்றொன்று ஒளிந்துகொள்ளும்.

"இன்னைக்கும் தலைவலியா?" என்பாள் ஜெபமணி.

ஆம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "வெயில் கடுமை" என்பார். அதில் பொய் எங்கே இருக்கிறது?

அவளோ அந்தத் தலைக்காக வெள்ளிதோறும் நண்பகல்வரை பச்சைத் தண்ணீரும் பருகாமல் உபவாசமிருந்து மன்றாடினாள். அதைக் கண்டு ஞானதாசன் உருகினார். தாமும் வெள்ளிதோறும் நண்பகல்வரை குழலைத் தொடுவதில்லை என்று ஒரு நோன்பு பூண்டார்.

இவ்வாறு இல்லறம் செவ்வனே நடந்துவருங்கால், மருந்தகத்தில் பணிபுரிந்த மகள் ஜிஷாவுக்குக் குழித்துறையிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜிபின் என்னும் அப்பிள்ளைக்கும் ஷார்ஜாவில்தான் வேலை. தந்தையில்லை, ஆசிரியப் பணியில் ஓய்வுபெற்ற தாய் ரெஜிலாவும், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த தாய்மாமன் தங்கப்பனும் பேச்சுக்கு வந்தார்கள்.

இப்பக்கத்தில் சுருள் என்றொரு வழக்கம் உண்டு. பெண்ணின் உறவினர் வெற்றிலையைச் சுருட்டி, அதற்குள் பணம் வைத்து, மாப்பிள்ளையின் கையில் கொடுப்பது. வெற்றிலை போய்க் காகித உறை வந்தபின்னும் பெயர் மட்டும் சுருளாகவே நின்றுவிட்டது. அன்றையப் பேச்சில் ஞானதாசன் எழுந்து நின்றார்.

"எம் இல்லத்தில் சுருள் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. மணம் என்பது அன்பின் உடன்படிக்கை. அவ்விடத்தில் கைநீட்டுதல் இழிவு."

"அதுக்கென்ன, கொள்ளாம்" என்றாள் ரெஜிலா, உதட்டை மிகச் சிக்கனமாகத் திறந்து.

ஜிஷாவுக்கோ தந்தையின் தமிழ் வாழ்க்கையில் முதன்முறையாக உடனே விளங்கியது; இனிக்கவும் செய்தது. தோழியரிடமெல்லாம் சொன்னாள். ஜிபினிடம் தொலைபேசியில், "சுருள்னு ஒரு பேச்சு எந்தப் பக்கத்திலேருந்து வந்தாலும் இந்தக் கல்யாணம் இல்ல, ஓர்மை வச்சுக்கிடுங்க" என்றும் சொல்லிவைத்தாள்.

நிச்சய நாள் நெருங்கிய வேளையில் நீரேற்றி மனையில் ஒரு துயரம் நேர்ந்தது. பலமுறை பிறந்து பலமுறை இறந்த தலைகள் ஒவ்வொன்றாக மறுத்தன. கம்பி இருந்தது, பஞ்சு இருந்தது. ரப்பர் வளையங்கள்தாம் சூடுபட்டு இறுகி வெடித்தன. எஞ்சியது ஒன்றே ஒன்று. ஜிபினோ ஷார்ஜாவிலிருந்து புறப்பட இருந்தான். ஞானதாசன் கைப்பேசியை எடுத்துச் சிந்தித்தார். அத்தலைகளைக் காயில் என்று எழுத அவர் விரல் கூசியது. தூய்மையான சொல் இருக்க, இரவல் சொல் எதற்கு? இவ்வாறு எழுதி அனுப்பினார்:

"அன்பு மருமகனுக்கு, வருங்கால் எனக்குச் சுருள் கொண்டுவருக. உயர்ந்த வகையாக இருத்தல் நலம். மணவுறுதிக்கு முன் கையில் சேர்ந்தால் மகிழ்வேன். இல்லத்தார் எவரும் அறியவேண்டா."

மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தார். ஒரு சொல்லும் வேற்றுமொழியன்று. மனம் நிறைந்தது.

ஜிபின் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவன். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவன். வாசித்த மட்டும் ஒன்றும் விளங்காமையால் அதைத் தாய்க்கு அனுப்பி, "அம்மா, மாமா என்னமோ கொண்டுவரச் சொல்லியாரு. இது இங்க கடையில கிடைக்குமா?" என்று கேட்டான். குழித்துறையில் அடுத்து நடந்ததைத் தங்கப்பனே பின்னாளில் ஞானதாசனிடம் சொன்னார்.

"கேட்டியாண்ணே?" என்றாளாம் ரெஜிலா. "குடுக்கதும் இல்ல, வாங்கதும் இல்லன்னு பிரசங்கம் பண்ணின மனுசன், எனக்க பிள்ளைகிட்ட ரகசியமாட்டு சுருள் கேக்கியாரு! அதும் உயர்ந்த வகையாம்!"

"பெண்ணுக்க அப்பன் மாப்பிள்ளைகிட்ட சுருள் கேக்கியதா? உலகம் தலைகீழாட்டுல்லா போச்சு!" என்று வியந்தார் தங்கப்பன்.

"குடுப்போம். எல்லாருக்க முன்னாலயும் குடுப்போம்."

நிச்சய நாள் வந்தது. தோவாளைச் சந்தையிலிருந்து வந்த பிச்சிப்பூ முற்றமெங்கும் மணந்தது. அன்று விடியலில்தான் கடைசித் தலையும் கருகிவிட்டிருந்தது. ஆகையால் ஞானதாசன் விருந்தினரை வரவேற்ற கண்ணிரண்டும் ஜிபினின் கையையே தேடின. அந்தக் கை வெறுமையாயிருந்தது. அவனைத் தூணோரம் அழைத்துச் சென்றார்.

"கொண்டுவந்தீரா?"

"அம்மா கையில இருக்கு மாமா."

"அம்மையார் கையிலா!"

"எல்லாருக்க முன்னாலயும் குடுக்கணும்னு சொல்லியாவ."

உலோகத் தலைகள் தாம்பாளத்தில் வரிசையாக வீற்றிருக்க, ஜெபமணி குனிந்து, இது என்ன என்று கேட்கும் காட்சி ஞானதாசனின் கண்முன் எழுந்தது. விரைந்து ரெஜிலாவை அணுகிக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மையீர், அதை அவையில் தரவேண்டா. நான் தனியே பெற்றுக்கொள்கிறேன்."

"எதுக்கு ஒளிக்கணும் சம்பந்தி?" என்றாள் அவள், வீடு முழுவதும் கேட்க. "கேக்கும்போது வராத வெக்கம் வாங்கும்போது எதுக்காக்கும்?"

போதகர் தொடக்க ஜெபம் செய்து முடித்தார். ரெஜிலா எழுந்து, துணி மூடிய தாம்பாளத்தை ஞானதாசன் முன் வைத்து, துணியை விலக்கினாள். கூம்பாகச் சுருட்டிய வெற்றிலையும், அதனுள்ளிருந்து எட்டிப்பார்த்த பணமும் தெரிந்தன.

அடடா, பணந்தானா! ஞானதாசனின் முகம் மலர்ந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. அந்த மலர்ச்சியைச் சபையிலிருந்த ஒருவரும் காணத் தவறவில்லை.

"பாத்தியளா, முகத்தப் பாத்தியளா!" என்றார் தங்கப்பன்.

"அப்பா" என்று எழுந்தாள் ஜிஷா. "நீங்க சுருள் கேட்டீங்களா?"

ஜிபின் கைப்பேசியைத் தாயிடம் நீட்ட, அவள் பழைய வகுப்பறைக் குரலில், நிறுத்தக்குறி பிசகாமல் வாசித்தாள். "இல்லத்தார் எவரும் அறியவேண்டா" என்னும் கடைசித் தொடரை இருமுறை வாசித்தாள்.

ஜிஷா தலையிலிருந்த பூவை ஊசி ஊசியாகக் கழற்றத் தொடங்கினாள். "சுருள் கேட்ட வீட்டிலேருந்து வந்தவன்னு பேரெடுத்துட்டு நான் ஒரு வீட்டுக்கும் போகமாட்டேன். எனக்கு இது வேண்டாம்."

ஞானதாசன் முன் இரண்டு வழிகள் கிடந்தன. வாய் திறவாதிருந்தால் பேராசைக்காரன் என்ற பெயர் வரும், மகளின் மணம் போகும். ஆயினும் ஜெபமணியிடம் வாக்குத் தவறாதவராக வாழலாம். வாய் திறந்தால் மகள் வாழ்வாள்; அந்த ஆஸ்தி போகும். ஜிஷாவின் மடியில் பிச்சிப்பூ விழுந்துகொண்டிருந்தது. முழுச்சரமும் இறங்குமுன் அவர் எழுந்தார்.

"நான் கேட்டது இந்தச் சுருள் அன்று."

கிணற்றடிக்குச் சென்று, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொணர்ந்து, தாம்பாளத்துக்கருகே வைத்துத் திறந்தார். குழல், குறடு, கம்பி, பஞ்சு, செத்த தலைகள். அவற்றுள் ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "இதனுள் இருப்பதே நான் கேட்ட சுருள்."

நம்பிக்கை என்பது அங்கே ஒருவர் முகத்திலும் இல்லை. தங்கப்பன் அந்தத் தலையை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இது காயிலாக்கும். நான் மீசை முளைக்கதுக்கு முன்னாலேருந்து காயில் கட்டியேன். எனக்க கடைக்கு வந்து ஒருத்தனும் சுருள் கட்டித்தாங்கன்னு கேட்டதில்ல. காயிலச் சுருள்னு சொல்லிய மனுசன் உலகத்தில உண்டுமா? பிடிபட்டதும் ஒரு கதை கட்டியாரு."

"காயில் அயற்சொல்" என்றார் ஞானதாசன்.

"ஆளக் களியாக்காதியும் சம்பந்தி! இந்த டார்ச்சு லைட்டுக்கு எதுக்கு ரகசியம்?"

"கைவிளக்கு அன்று."

"பின்னே, அது என்ன செய்யும்னு காட்டும்."

காட்டாமல் மெய்ப்பிக்க வழியில்லை. மெய்ப்பித்தால் ஒளிக்க வழியில்லை. ஞானதாசன் சரிகை வேட்டியைச் சற்றே உயர்த்திக்கொண்டு, மகளின் நிச்சயப் பந்தலில் சம்மணமிட்டு அமர்ந்தார். வெடிப்புக் குறைந்த ரப்பர் வளையம் ஒன்றைத் தேர்ந்தார். திருப்புளித் தண்டில் கம்பியைச் சுற்றினார். முதற்சுற்று பிரிந்தது, மீண்டும் சுற்றினார். குழந்தைகள் முன்னே வந்து குந்தின. தங்கப்பன், தம் தொழிலென்று கண்டவுடன் பகையை மறந்து, "கால ரெண்டையும் முட்டவிடாதியும்" என்று குனிந்து கைவிளக்குக் காட்டினார். பஞ்சு செருகப்பட்டது. சாறு சொட்டப்பட்டது. ஞானதாசன் கண்களை மூடிக்கொண்டார்.

"என்ன செய்யியாரு?" என்றது ஒரு குரல்.

"ஜெபிக்கியாரு" என்றது மற்றொன்று.

நீண்ட சங்கீதமொன்று முடியும்வரை சபை காத்திருந்தது. அதற்குள் ஜிபினுக்கு ஒளி பிறந்துவிட்டது.

"மாமா, வேப் காயிலா? முன்னாலேயே சொல்லியிருந்தா ஒரு பெட்டி வாங்கி வந்திருப்பேனே! எனக்கதுக்கும் இதே சைஸ்தான்—"

ரெஜிலா திரும்பினாள். "ஏலே, ஒனக்கதா?"

ஜிபின் தமிழும் மறந்து ஆங்கிலமும் மறந்து நின்றான்.

ஞானதாசன் கண் திறந்து, குழலை வாயில் வைத்து, பொத்தானை அழுத்தி, இழுத்து விட்டார். வெண்மையான, திரண்ட, குற்றமற்ற ஆவி எழுந்து, பிச்சிப்பூ மணத்தினூடே புதினா மணத்தைப் பரப்பியவாறு பந்தலின் கீழ் மிதந்தது. அவர் கட்டிய தலைகளுள் அதுவே தலைசிறந்தது. அவர் நாணயத்துக்கு அதைவிட மேலான சான்று வேறொன்றும் கிடைத்திருக்காது.

ஜெபமணி மூக்கை உயர்த்தினாள். "இது தைல மணமாக்குமே" என்றாள். பிறகு, மெதுவாக, "அப்போ தலைவலி?"

"இல்லை."

"என்னைக்கும் இல்லியா?"

"என்றும் இல்லை. ஆனால் பொருத்தனையை நான் மீறவில்லை, ஜெபமணி. புகை வேறு, ஆவி வேறு."

"ஞானதாசன்" என்று போதகர் தொண்டையைச் செருமினார். "ஆவிங்கிய சொல்ல இந்த இடத்தில போடாண்டாம்."

ஜெபமணி கணவரைப் பார்க்கவில்லை, குழலைத்தான் பார்த்தாள். "வெள்ளிதோறும் நான் வயித்தக் காயப்போட்டது யாருக்க தலைக்காக்கும்?" என்று அதனிடம் கேட்டாள். அவள் உள்ளே சென்று விருந்தினருக்குச் சோறு வடிக்கலானாள்.

நிச்சயம் நடந்தது. ரெஜிலா வெற்றிலைக் கூம்பைக் கைப்பைக்குள் வைத்து, மகனை ஒருமுறை நோக்கிவிட்டு, பையைப் பூட்டினாள். ஜிஷா பூவைத் திரும்பச் சூடிக்கொண்டு தந்தையின் அருகில் வந்தாள்.

"காயில்னு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தா என்னப்பா?"

ஞானதாசனிடம் அதற்கு விடை இருந்தது. முதன்முறையாக அதை அவர் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெபமணி அவரை மறுபடியும் பீடத்தின் முன் நிறுத்தினாள். இம்முறை வாசகத்தை அவளே வகுத்திருந்தாள்; மகளும் துணைசெய்திருந்தாள். புகை, ஆவி, நீராவி, பனி, மஞ்சு, மூடுபனி ஆகியவற்றுள் எதுவும், மூச்சு நீங்கலாக வேறெதுவும், அவர் வாயினின்று புறப்படலாகாது.

"பேச்சு?" என்று கேட்டார் ஞானதாசன்.

"அதும் கொஞ்சம் கொறஞ்சாக் கொள்ளாம்."

பிஸ்கட் டப்பா அன்றே போயிற்று. புதினா மணம் கமழ்வதெல்லாம் ஐயத்துக்குரியது என்பதால், தைலக் குப்பிகளும் அதனுடன் போயின. பழகிய நஞ்சு நின்றதும், ஞானதாசனின் நெற்றிப்பொட்டில் வாழ்நாளில் அதுவரை அறியாத ஒரு வலி வந்து குடியேறியது. சில நாள் பொறுத்தார். பிறகு ஒரு காலை, இரு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ஜெபமணி, தலை வலிக்கிறது. மெய்யாகவே வலிக்கிறது."

அன்று வெள்ளிக்கிழமை. ஜெபமணி புட்டும் பயறும் பப்படமும் பிசைந்து வயிறார உண்டுகொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரை ஒருமுறை பார்த்தாள்.

"வெயில் கடுமை" என்றாள்.